விட்டவனுக்கு எதுக்கு மாத்திரை?

"உனக்கு ஏதுடா பிரஷர்?"

சிங்கப்பூரின் சாங்கி வட்டாரத்தில் வேலை முடித்து வந்த தம்பி ஞானசேகரன் இன்னும் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் சரசு மாத்திரை அட்டையை அவன் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டாள்.

தேக்கா மார்க்கெட் மாடியில் அவளுக்குத் தையல் கடை. தம்பியின் ஜாக்கெட் பாக்கெட் கிழிந்திருக்கிறதே என்று காலையில் எடுத்துப் போனாள். நல்லது செய்யப் போனால் இப்படி ஒரு இடி! பாக்கெட்டுக்குள் இந்த அட்டை. பக்கத்து மருந்துக் கடைக்கு ஓடினாள்.

"பிரஷர் மாத்திரைதான்லா, அக்கா," என்றாள் அங்கே வேலை செய்யும் அமலா. "இப்ப டாக்டருங்க வேற ஒண்ணுக்கும் குடுக்கிறாங்க. ஹெராயின் மாதிரி பழகினதை விடும்போது உடம்பு உதறும், வேர்த்துக் கொட்டும். அதை அடக்கும். அப்புறம் இன்னொரு..."

ஹெராயின் என்ற சொல்லுக்குப் பிறகு சரசுவின் காதில் எதுவும் ஏறவில்லை.

"அஞ்சு வருஷமா தொடலைன்னியே! விட்டவனுக்கு எதுக்குடா விடுற மாத்திரை? அப்போ மறுபடியும் தொட்டிருக்கே!"

"அக்கா, மெதுவா பேசு. மாமா படுத்திருக்காரு."

"கேக்கட்டும்! மூணு நாளா காய்ச்சல்ல நடுங்கிக்கிட்டுக் கிடக்கிறாரே, அவருக்கும் தெரியட்டும், எப்பேர்ப்பட்ட மச்சானுக்கு ரூம் குடுத்திருக்கார்னு! முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு வருஷமா அவர் போடுற வலி மாத்திரையைக்கூட உனக்குப் பயந்து பூட்டி வெச்சிருக்காரு. தெரியுமா?"

"தெரியும்க்கா."

"தெரியும்ல? வெக்கமா இல்ல?"

அவன் தலை குனிந்துகொண்டான். அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்னவாம்?

"அம்மா செத்தப்போ நீ ஜெயிலுக்குள்ள இருந்தே. மகன் ஸ்தானத்துல நின்னு கொள்ளி வெச்சது மாமா. அந்த மனுஷன் வீட்டுக்குள்ளேயே இதைக் கொண்டாந்துட்டியே, பாவி!"

"தப்பான மாத்திரை இல்லக்கா. டாக்டர் குடுத்தது. திட்டணும்னா திட்டிக்க, அதை மட்டும் குடுத்துடு. இன்னிக்கு வேணும்."

"வேணுமா? இந்தா, எடுத்துக்க!"

விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். குப்பைக் குழாயின் மூடியை இழுத்துத் திறந்து அட்டையை உள்ளே வீசினாள். பதினோரு மாடி கீழே போய் விழுந்தது.

"அய்யோ, அக்கா!"

அதுவரை குரலே எழுப்பாதவன் அலறிவிட்டான்.

"பாரு, மாத்திரைக்கு எப்படித் துடிக்கிறான் பாரு! எடுடா துணியை. இனிமே இந்த வாசல்ல கால் வெச்சே, மரியாதை கெட்டுடும்."

அவன் மாமாவின் அறைக் கதவை ஒரு தடவை பார்த்தான். கதவு திறக்கவில்லை. போய் ஒரு பையில் துணியை அள்ளிக்கொண்டு வந்தான்.

"மாமாவைத் தனியா விடாதக்கா. ரொம்ப முடியலைன்னா உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"என் புருஷனைப் பாத்துக்க எனக்குத் தெரியும். நீ கிளம்பு!"

அவன் வெளியே கால் வைத்ததும் கிரில் கேட்டை அறைந்து பூட்டினாள். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போகட்டும், மானம் போனது போனதுதான்.

அப்போதுதான் அறைக் கதவு திறந்தது. சுந்தரேசன் சுவரைப் பிடித்தபடி வந்தார். பனியன் தெப்பலாக நனைந்திருந்தது. பற்கள் கிடுகிடுத்தன.

"போயிட்டானா?"

"துரத்திட்டேன். நான் பேசினதெல்லாம் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

"நீங்களும் வெளிய வந்து நாலு வார்த்தை கேட்டிருக்கணும். அப்பத்தான் அவனுக்கு உறைக்கும்!"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குக் காய்ச்சல் இல்ல, சரசு. வலி மாத்திரையை விட முடியாம மாட்டிக்கிட்டவன் நான்; அதை நிறுத்தினதுலதான் இந்த நடுக்கம். நீ வீசினது எனக்கு டாக்டர் குடுத்து, உன் கண்ணுல படாம அவன் வெச்சிருந்தது. கையைப் பிடிச்சுக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனது உன் தம்பி. உங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கினது நான்."