தோப்பு விலக்கில் ஆறு நிமிடம்

"டீசலை எவன்ட்ட விக்கிற? அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

ஏசுதாசன் மேசைமேல் ஒரு தாளை விரித்து, அதிலிருந்த வரைபடத்தில் உயரமாக நின்ற சிவப்புத் தூணை விரலால் தட்டினார். கம்பம் கடைவீதியில் டயர்க் கடை வைத்திருப்பவர் அவர். சுற்றுக் கிராமங்களுக்கு ஓடும் ஒரு மினிபஸ்ஸுக்கும் முதலாளி. எதிரே நின்ற டிரைவர் கோட்டைச்சாமி தாளைப் பார்த்தார்.

ராஜாத்தி கதவோரம் நின்றாள். அந்தப் படத்தைப் போட்டவள் அவள்தான். ஏசுதாசன் ஆள் அனுப்பி அவளையும் வரவழைத்திருந்தார்.

கம்ப்யூட்டர் சென்டரில் எக்ஸெல் கற்றுக்கொண்டபின் அவள் செய்த முதல் புராஜெக்ட் அது. தினமும் கண்ணில் படுகிற ஏதாவது ஒன்றை எண்ணாக எழுதி, எண்ணைப் படமாக்கிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ராஜாத்தி தான் வந்து போகும் மினிபஸ்ஸையே எடுத்துக்கொண்டாள்.

காலையில் பிள்ளையைப் பால்வாடியில் விட்டுவிட்டு, ஓட்டமும் நடையுமாக வந்து, ஊர்ப்பாதை பிரியும் தோப்பு விலக்கில் ஏறுவாள். அங்கிருந்து கம்பம் வரை, ஒவ்வொரு நிறுத்தத்திலும் சக்கரம் உருளத் தொடங்கும் நேரத்தையும், கம்பத்தில் போய் நிற்கும் நேரத்தையும் கைக்கடிகாரம் பார்த்துக் குறிப்பாள். அவற்றில் அட்டவணை நேரத்தைக் கழித்தால் மிச்சம் நிற்பது தாமதம். ஒரு மாதத் தாமதத்தின் சராசரிதான் ஒவ்வொரு தூணும்.

முதல் தூண் தோப்பு விலக்கு, ஆறு நிமிட உயரம். அதை அவள் சிவப்பாக்கியிருந்தாள். அடுத்தடுத்த தூண்கள் படிக்கட்டு மாதிரி இறங்கி, கம்பத்தில் தரையைத் தொட்டன. விலக்கில் தொலைத்த நேரத்தை வண்டி வழியெல்லாம் விரட்டிப் பிடிக்கிறது என்பது எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். சென்டரில் எல்லோரும் பாராட்டிச் சுவரில் ஒட்டினார்கள். அங்கிருந்துதான் ஏசுதாசன் அதைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தார்.

"ஏம்மா, இதுல கணக்குத் தப்பு ஏதும் இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி. ரெண்டு தடவை சரி பாத்தேன். ஆனா விலக்குக்கு வரும்போதே வண்டி லேட்டா வந்திருக்கலாம்ல?"

"அதையும் விசாரிச்சிட்டேன். முந்துன ஸ்டாப்பு டீக்கடைக்காரரு சத்தியம் பண்றாரு, அங்கன நேரத்துக்கு எடுத்துர்றாகன்னு. அப்புறம் தோப்புக்குள்ள என்ன வேலை? கேனு வச்சு உறிஞ்சுறதுக்குத்தான். மாசாமாசம் டீசல் செலவு ஏறிக்கிட்டே போகுது."

"விரட்டி ஓட்டுனா டீசல் கூடத்தான குடிக்கும் அண்ணாச்சி."

"எதுக்கு விரட்டணும்? நின்னதுனாலதான?"

ராஜாத்தியின் படமே அவருக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் மாரிசெல்வம் தோல்பையை இறுக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான். "மொதலாளி, அது வந்து..."

"ஏலே, நீ சும்மா இரு" என்றார் கோட்டைச்சாமி.

"நல்லாருக்கே. கூட்டுக் களவாணிக ஒருத்தனை ஒருத்தன் அடக்குறதைப் பாரு." ஏசுதாசன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "போன ஞாயித்துக்கிழமை நானே போயி விலக்குல நின்னேன். அன்னைக்கு மட்டும் வண்டி வந்த சூட்டோட கிளம்பிப் போகுது. நான் வர்றதை எவனோ மோப்பம் பிடிச்சு உங்களுக்குச் சொல்லிட்டான்."

கடையில் டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டார்கள். ஏசுதாசன் அவர்களையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"டீசல் இல்லேன்னா பொம்பளை விவகாரமா? தோப்புல எவ வீட்டுக்குய்யா போற?"

வாசலில் யாரோ சிரித்தார்கள். கோட்டைச்சாமியின் முகம் இறுகியது. சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துத் தாளின்மேல் வைத்தார்.

"டீசலை நான் தொட்டதில்ல மொதலாளி. வேற தப்பும் பண்ணல. நின்னது நெசம். எதுக்குன்னு கேக்காதீக."

"வாயத் தெறக்கலேன்னா கள்ளன்னுதான் அர்த்தம். பஸ் ஸ்டாண்டுல இருக்க அத்தனை ஓனர்ட்டயும் சொல்லிருவேன்."

அவர் சொன்னால் செய்வார். டீசல் திருடன் என்று பெயர் வந்துவிட்டால், கம்பத்திலிருந்து சின்னமனூர் வரை ஒரு முதலாளியும் கோட்டைச்சாமியை ஸ்டியரிங் தொட விடமாட்டார். ஒரு மாதமாக ராஜாத்தியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த மனிதர் அவர்.

படத்தில் இல்லாத ஏதோ ஒன்று விலக்கில் நடக்கிறது. பார்க்காததை எப்படி எழுத முடியும்? அப்படியானால் பார்த்துவிட வேண்டியதுதான்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு நாள் பொறுங்க" என்றாள். "நான் எழுதுனதெல்லாம் ஏறுனதுக்கப்புறம் பாத்தது. நாளைக்குப் பிள்ளையைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, வண்டி வர்றதுக்கு முன்னாடியே விலக்குல போய் நிக்கிறேன். வந்ததுலேர்ந்து கிளம்புற வரைக்கும் அங்கன என்ன நடக்குதுன்னு ஒண்ணு விடாமப் பாத்து எழுதிக் காட்டுறேன். டிரைவரண்ணே மேல தப்பு இருந்தா அப்புறம் பேசுங்க."

ஏசுதாசன் யோசித்தார். "சரி. அதையும் பாத்துருவோம்."

கோட்டைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். மாரிசெல்வம் அவரைப் பார்த்தான், ராஜாத்தியைப் பார்த்தான். அதற்கு மேல் அவனால் அடக்க முடியவில்லை.

"நீங்க முன்னாடியே வந்துட்டா வண்டி எதுக்குக்கா அங்கன நிக்கப்போகுது?"