மூடிய சிமிழ்

தணிகை அந்த மரச்சிமிழைப் பேருந்திலும் சாயாமல் உள்ளங்கையில் ஏந்தியே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தான். அவன் மனைவி பூங்கோதை, இறந்த அன்று காலை குங்குமம் தொட்டு மூடிவைத்தது. அவள் விரல் பதிந்த பள்ளம் உள்ளே இருக்கும். மூடியைத் திருகினால் பொடி உதிர்ந்து பள்ளம் தூர்ந்துவிடும் என்று அவன் திறக்கவே இல்லை. அவன் குழு உருவாக்கிய, எக்ஸ்ரே படமெடுக்கும் பிக்சல் உணரிக்கு இன்று முதல் சோதனை. திறக்காமலே பார்த்துவிடலாம்.

“என்ன மாப்ள, கோயில் பிரசாதமா? நான் சோதனைக்கு நெத்திலிக் கருவாடுல்ல எடுத்து வச்சிருக்கேன்,” என்றான் உடன் வேலைசெய்யும் ஜெரால்டு.

“இதையே வை. பாத்து வை,” என்று கொடுத்துவிட்டுத் தணிகை கணினி முன் உட்கார்ந்தான்.

கதிர் பாய்ந்தது. திரையில் சிமிழின் வட்டம் தெரிந்தது. குங்குமம் முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்து பிறைபோலக் கிடந்தது.

“எப்படி வச்ச?”

“எப்பவும் போலதான். மூடி உணரியப் பாக்கிற மாதிரி செங்குத்தா நிறுத்தி டேப் ஒட்டினேன். தட்டிக்கூடப் பாத்தேன், அசையல.”

ஜெரால்டு படத்தை மூலைமூலையாகப் பெரிதாக்கிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

“ஒரு பிக்சல்கூடச் சாகல மாப்ள. எல்லாப் புள்ளியும் வேலை செய்யுது.”

தணிகை படத்தைச் சேமித்தான். பெயர் கேட்ட கட்டத்தில் ‘சோதனை’ என்று அடித்தான்.