இராகுலன் சொன்னால் சரி

“பிரிண்டர் வேலை செய்யுதில்லை, பிள்ளை. ஆம்பிளை ஆர் நிக்கினம்? குடுங்கோ.”

“வயரைக் கழட்டித் திருப்பிக் கொழுவிப் பாருங்கோ, ஐயா.”

“உங்களுக்கு இதுகள் விளங்காது. ஆம்பிளை ஒருத்தரிட்டக் குடுங்கோ.”

துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள அந்தக் கம்பியூட்டர் திருத்தும் கடைக்குத் தொலைபேசியில் அழைப்பவர்கள் எல்லோரும் இதையேதான் கேட்டார்கள். கீர்த்தனி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“பொறுங்கோ. இராகுலனிட்டக் குடுக்கிறன்.”

சற்று நேரத்தில் ஆண்குரல் கேட்டது. “வயரைக் கழட்டித் திருப்பிக் கொழுவிப் பாருங்கோ, ஐயா.”

இறக்கக்கண்டியில் கடை வைத்திருக்கும் யோகலிங்கம் உடனே கழற்றிக் கொழுவினார்.

“ஆ, வேலை செய்யுது! ஆம்பிளை ஆம்பிளைதான். தம்பி, இன்னொரு உதவி. என்ர மகள் கம்பியூட்டர் படிச்சவள், நல்ல கெட்டிக்காரி. பொம்பிளைப் பிள்ளையெண்டு ஒருத்தரும் வேலை குடுக்கினமில்லை. உங்கட முதலாளியிட்ட ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோவன்.”

கீர்த்தனி, தன் குரலை ஆண்குரலாக மாற்றித்தரும் செயலியை நிறுத்தினாள். அதை எழுதியவளும் அவள்தான். அந்தக் கடையில் இராகுலன் என்று எவரும் இருந்ததேயில்லை.

“முதலாளி நான்தான், ஐயா,” என்றாள் சொந்தக் குரலில். “மகளை நாளைக்கே அனுப்புங்கோ. அவவுக்கும் ஒரு ஆம்பிளைக் குரல் செய்து வைக்கிறன். உங்களைப் போல ஆக்கள்தானே இங்க கோல் எடுப்பினம்.”