ரெண்டு அடுப்பு

"அடுப்பு ரெண்டு வேணும். கரியும் ரெண்டு மூட்டை வேணும்" என்றார் தமிழ் வாத்தியார் சிவசண்முகம்.

அதுவரை கல்யாண வீடு மாதிரி இருந்த ஆசிரியர் அறை கப்பென்று அடங்கிப்போனது.

அவ்வளவு குதூகலத்துக்குக் காரணம் வால் நட்சத்திரம். இந்த 1910-ஐ விட்டால் இன்னும் எழுபத்தைந்து வருஷம் ஆகுமாம். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூட வாத்தியார்கள் ஆறு பேர், கோடை விடுமுறையில் பாபநாசத்துக்கு மேலே மலையில் கூடாரம் அடித்து அதைப் பார்த்துவிடுவது என்று முடிவு.

ஏற்பாடெல்லாம் டிராயிங் வாத்தியார் ஞானையாவுடையது. வால் நட்சத்திரத்தை வர்ணத்தில் தீட்டிக் கொண்டுவர வேண்டும் என்று மனிதர் துடித்துக்கொண்டிருந்தார். போன வருஷம் குற்றாலத்தில் சாப்பாடு இறங்காமல் மூன்றாம் நாளே சுருண்டு படுத்து, தேனருவியைப் பார்க்காமலே திரும்பியவர் அவர். இந்தத் தடவை விடுவதாக இல்லை.

அட்டைப்பூச்சிக்கு உப்பும் புகையிலையும் எடுத்தாயிற்று. தீப்பெட்டி நமத்துப்போகாமல் இருக்கத் தகர டப்பாவும் வந்தாயிற்று. அடுப்புக்குத்தான் ரொம்ப யோசித்தார். மலையில் கிடைப்பது பச்சை விறகு, மழை பெய்தால் வெறும் புகைதான். மண்ணெண்ணெய் அடுப்பு என்றால் வழியில் ஒழுகி அரிசியெல்லாம் நாறும். ஆகவே தேங்காய்ச் சிரட்டைக்கரி. ஒரே மூட்டை, ஒரே அடுப்பு. அதற்குமேல் சுமக்க ஆள் கிடையாது.

"நாலு நாளும் எல்லாருக்கும் சைவந்தான் வே. சமைக்கதுக்கு உம்ம ஆளு சிவசைலமே வாரான். நாங்க வாயைக் கட்டிக்கிடுதோம். பெறவு என்னத்துக்கு இன்னொரு அடுப்பு?" என்றார் ஞானையா.

"வேணும். சட்டியும் தனியா வேணும்."

"யாருக்கு?"

"அதை அங்கன போயிச் சொல்லுதேன்."

ஒரு வீட்டில் ரெண்டு அடுப்பு எரிந்தால், பாகம் பிரிந்துவிட்டது என்று ஊருக்கே தெரியும். ஞானையாவின் முகம் சுண்டிப்போனது.

"கிறிஸ்மஸுக்கு எங்க வீட்டுக்கு வந்து வாழப்பழம் மட்டும் உரிச்சுத் தின்னீரு. சரி, அது உம்ம வழக்கம்னு இருந்தேன். இப்ப உம்ம ஆளு வடிச்ச சோறே எங்க பக்கத்துல இருந்தா தீட்டாயிருமோ? நான் வரல வே. நீங்களே போயிட்டு வாங்க."

எழுந்தே விட்டார். வயதில் மூத்த கணக்கு வாத்தியார் நேசையாதான் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"கோவத்தை இவருகிட்ட எப்ப வேணாலும் காட்டலாம் ஞானையா. நட்சத்திரம் நமக்காக நிக்காதுல்லா."

"வாரேன். ஆனா இந்த மனுசன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

புறப்படுகிற அன்று சிவசண்முகம் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்திருந்தது.

"இதை ஒருத்தரும் தொடப்படாது" என்றார்.

"பூசைச் சாமானாக்கும்" என்று நேசையா கண்ணைக் காட்டினார். சிவசண்முகம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஞானையா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்பாசமுத்திரம் வரை ரயில், அப்புறம் மாட்டுவண்டி, அப்புறம் நடை. ரெண்டாவது கரி மூட்டையைச் சுமக்க முடியாது என்று அடிவாரத்திலேயே ஆட்கள் கைவிரித்துவிட்டார்கள். சிவசண்முகம் தன் படுக்கையை வண்டியிலேயே போட்டுவிட்டு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டார். பாதி மலை ஏறுவதற்குள் சலவை வேட்டி கரித்துணி ஆகிவிட்டது.

ஞானையாவுக்குப் பொறுக்கவில்லை. பேசுவதில்லை என்று சொன்னதை மறந்து கேட்டார்: "ஆசாரம் ரொம்பக் கனக்குதோ வே?"

"கனக்கத்தான் செய்யுது" என்றார் சிவசண்முகம், மூச்சு வாங்க.

சாயங்காலம் கூடாரம் எழும்பியது. கீழே தாமிரபரணி வெள்ளிக் கம்பியாகத் தெரிய, ஆளாளுக்குச் சின்னப் பிள்ளைகள் மாதிரி கூவினார்கள். சிவசைலத்தின் அடுப்பில் சோறு கொதித்தது. தூரத்தில் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் சிவசண்முகம் தன் அடுப்பை மூட்டிவிட்டு வந்தார்.

"ஞானையா, இங்கன கொஞ்சம் வாரும்."

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்றுதான் ஞானையா போனார்.

சிவசண்முகம் துண்டால் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மெழுகைக் கீறி மூடியைத் திறந்தார்.

உள்ளே சாளைக் கருவாடு.

"குற்றாலத்துல நீரு சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு இலையிலயே விட்டுட்டு எந்திரிச்சதைப் பாத்தேன். இது இல்லாம உமக்கு ஒரு வாய் இறங்காதுன்னு பெறவு உம்ம வீட்டம்மா சொன்னாவ. இந்தத் தடவையும் நீரு படுத்துட்டா படத்தை யாரு போடுவா? முன்னாலயே சொன்னா வேண்டாம்னுருவீரு. சிவசைலத்துக்குத் தெரிஞ்சா அவன் அடிவாரத்தோட ஓடிருவான்."

ஞானையாவுக்குத் தான் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

"இதைக் கடையில எப்படி வே கேட்டு வாங்கினீரு?"

"பூனைக்குன்னு சொன்னேன்."

"இது அகத்தியர் மலைல்லா வே."

"அவருகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீரு சீக்கிரம் சுட்டுத் தின்னும்." பாறைக்கு அந்தப் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு காவலுக்கு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் கூடாரத்துப் பக்கமிருந்து சமையல்கார சிவசைலத்தின் குரல் வந்தது. "அங்கன யாரு? என்னமோ வாடை அடிக்கே?"

சிவசண்முகத்துக்கு வியர்த்துவிட்டது.

பாறைக்குப் பின்னாலிருந்து, வாயில் கருவாட்டோடு, ஞானையா சத்தமாகச் சொன்னார்:

"கிட்ட வந்திராத சிவசைலம். ஐயா பூசையில இருக்காக."