உள்ளங்கை நேர்த்திக்கடன்

மகளின் பிரசவத்துக்கு சிட்னி போக விசா கிடைத்தால் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றுவதாக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார் தணிகாசலம். கிடைத்தது; ஏற்றினார். இப்போதெல்லாம் பாஸ்போர்ட் ஒரு சில்லாக அந்தக் கையின் தோலுக்குள்தான் இருக்கிறது என்பது சுட்ட பிறகே நினைவுக்கு வந்தது.

"தொலைச்சிட்டீங்களா சார்?" என்றாள் பாஸ்போர்ட் அலுவலகப் பெண்.

"இல்லம்மா, நானே கொளுத்திட்டேன். பக்தி இருந்த அளவுக்குப் புத்தி இல்ல. மக பிரசவத்துக்கு வெள்ளிக்கிழமை விமானம்."

அன்றைய கடைசி டோக்கன், மெக்காவுக்கு உம்ரா யாத்திரை போகவிருந்த, பக்கத்தில் நின்ற சுலைகாவிடம் இருந்தது. அவள் அவருடைய கொப்புளத்தைப் பார்த்தாள். டோக்கனை நீட்டினாள்.

"மக காத்திருப்பா அண்ணே. நான் நாளைக்கு வர்றேன்."

இடது கையில் புது பாஸ்போர்ட் பதிந்தது. தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "தாயே, இந்தத் தங்கச்சி நல்லபடியாப் போய்வந்தா, உனக்கு..."

அலுவலகப் பெண் பதறி எழுந்தாள்.

"சார்! பொங்கல் வெச்சாப் போதும்!"