கண்மாயில் முதலை

கண்மாயில் முதலை கிடக்கிறது என்று சேக் பரீத் சொன்னதும் ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் நம்பவில்லை. ஆனாலும் தண்ணீரில் இறங்கவில்லை.

"பெரியாத்து வெள்ளத்தோட வந்துருச்சு போல. இங்கன பாருங்க, வயித்தத் தேச்சுக்கிட்டுப் போன தடம்" என்று கரைச் சேற்றைக் காட்டினார். மீன் குத்தகை எடுத்தவர் சொன்னால் சும்மாவா இருக்கும்?

எல்லாரையும்விட அதிகமாக நடுங்கியவள் பவானி. முதலைக்குப் பயந்து அல்ல.

முந்தின நாள் அந்தப் படித்துறையில் குளிக்கும்போது கயிறு இற்று, அவள் தாலி தண்ணீருக்குள் போய்விட்டது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சேலையை இழுத்துப் போர்த்தியபடி வீடு வந்து சேர்ந்து, வேறு கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிப் போட்டுக்கொண்டாள். ஆளில்லாத நேரம் பார்த்துத் தேடலாம் என்றிருந்தவளுக்கு இப்போது அதுவும் போயிற்று. படித்துறையை முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார் பரீத்.

புருஷன் சுரேஷ்கண்ணன் கேரளா எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறான். அந்த மலைப்பாதையில் அவனுக்கு ஒரு சிராய்ப்பு என்றாலும், தாலியைத் தொலைத்தவள் என்று ஊர் இவளைத்தான் பேசும். அதிலும் மாமியார் மொக்கம்மாளின் வாய் லேசுப்பட்டதல்ல.

"அத்தை, துணி கொஞ்சம் கெடக்கு. கண்மாய்ல ஓரமா நின்னு அலசிட்டு வந்துர்றேன்."

"ஏன், முதலைக்கு விருந்து வைக்கப் போறியா? போர்த் தண்ணில அலசு, போதும்."

மறுநாள் காலையில் வயலுக்குப் போகும்போது பவானி அதைப் பார்த்தாள். ஊரையே பயமுறுத்திய பரீத், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கூடை கூடையாகச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மதீனா கரையில் உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தாள்.

பவானிக்கு எல்லாம் விளங்கியது போலிருந்தது. தாலி விழுந்ததைப் பார்த்திருக்கிறார்! அதை அமுக்கத்தான் இந்த முதலைக் கதையா? வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. கேட்டால் இவள் குட்டு உடைந்துவிடும்.

ரெண்டு நாள் கழித்து வனக்காவலர் வைகுண்டராஜ் வந்தார். குனிந்து தடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"முதலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது நீர்நாய். குடும்பத்தோட சறுக்கி வெளாண்டுருக்கு. கெடக்குற கழிவப் பாருங்க, பூராம் மீன் செதிலு, நண்டு ஓடு."

கூடியிருந்தவர்களில் ஒச்சாண்டி எகிறினார். "ஏப்பா பரீத்து, ஒன் மீனத் திங்கிற நீர்நாயி ஒனக்குத் தெரியாதா? மீனக் காவக்காக்க முதலைய விடுறியா? நீ மட்டும் தண்ணிக்குள்ள நின்னியே, ஒன்னயக் கடிக்காதா?"

பரீத் தலையைச் சொறிந்தார். "கண்ணு சரியாத் தெரியலண்ணே."

கூட்டத்தில் மொக்கம்மாள் சத்தம்தான் பெரிசு. "துணி தொவைக்க வழியில்லாமப் பண்ணிப்புட்டு, கண்ணு தெரியலையாம்ல! இனிமே இந்தாளு பேச்ச எவ நம்புவா?"

நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள் பவானி.

சாயங்காலம் பவானி வீட்டு வாசலில் பரீத் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு வெற்றிலை மடிப்பை எடுத்து மொக்கம்மாளிடம் நீட்டினார்.

"காலையிலதேன் ஆப்ட்டுச்சுக்கா. மதீனா கண்ணுலதேன் பட்டுச்சு. புள்ளைக்குப் புதுக்கயிறு மாத்தி விடுங்க."

வெற்றிலைக்குள் தாலி இருந்தது.

அவர் போனதும் பவானி உடைந்து அழுதுவிட்டாள். "பயந்து போயி மறைச்சுட்டேன் அத்தை. அவுகள களவாணின்னு நெனச்சேனே! எனக்காகத்தேன் இம்புட்டும் பட்டுருக்காக. பாவம், நீங்க வேற ஊரு முன்னால அந்த வையி வஞ்சுட்டீக."

மொக்கம்மாள் தாலியைக் கழுவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புதுக்கயிற்றில் மஞ்சளைத் தடவியபடியே சொன்னாள்.

"கட்டிக்கிட்டு மொதல்ல மதீனாவப் போயிக் கையெடுத்துக் கும்புட்டுட்டு வா. நான் வையாம இருந்தா ஊரு என்னையத்தான சந்தேகப்படும்? நீ போத்திக்கிட்டு வந்தன்னைக்கே ஒன் கழுத்தப் பாத்துட்டேன். கண்மாய்ல முதலைய விடச் சொன்னதே நாந்தேன்டி."