ஐனார் ஒட்டிய தகடுகள்

"ஐனார் என்னமோ பண்றான்" என்றார் டெல்பர்ட், கண்ணிலிருந்து தொலைநோக்கியை எடுக்காமல்.

"அவர் விமானம், அவர் பண்றார். உன் பான்கேக் ஆறுது" என்றாள் மனைவி கோரா.

சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஓடுதளம். அதற்கு அந்தப் பக்கம் ஐனாரின் கொட்டகை. அலாஸ்காவின் அந்த ஆற்றங்கரை ஊருக்கு ரோடு கிடையாது. அதனால் வீட்டுக்கு ஒரு விமானம், பெரும்பாலும் சொந்தக் கையால் கட்டியது.

ஐனார் ஏணியில் நின்று, இறக்கையின் முன்விளிம்பு நெடுக எதையோ வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் நகம் அளவில் குட்டிக் குட்டித் தகடுகள்.

அது என்னவென்று டெல்பர்ட்டுக்குத் தெரியும். ரொம்ப மெதுவாகப் பறந்தால் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும். விமானம் பொத்தென்று சரியும். இந்தத் தகடுகள் காற்றைச் சுழற்றிவிட்டு இறக்கையோடு ஒட்டிப்போக வைக்கும். இன்னும் மெதுவாக இறங்கலாம், இன்னும் குறைந்த தூரத்தில் நிற்கலாம்.

அங்கேதான் டெல்பர்ட்டுக்கு உதைத்தது.

ஊர்ப் போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி இறங்கி, குறைந்த தூரத்தில் நிற்பவருக்குக் கோப்பை. ஆறு வருஷமாக அது டெல்பர்ட்டின் அலமாரியை விட்டு நகரவில்லை. அறுபத்தெட்டு வயதில் அவருக்கு ஊரில் இருக்கிற மரியாதையே அதுதான்.

"ஐனார்தான் போட்டிக்கே வரமாட்டாரே" என்றாள் கோரா.

"அதான் கேக்கறேன். இப்ப எதுக்குத் திடீர்னு?"

மறுநாள் ஐனார் இறக்கை முழுக்கச் சிவப்புக் கம்பளி நூலைத் துண்டு துண்டாக ஒட்டினார்.

"இறக்கைக்கு ஸ்வெட்டர் பின்றார் போல" என்று சிரித்தாள் கோரா.

டெல்பர்ட் சிரிக்கவில்லை. காற்று ஒட்டிப்போகிற இடத்தில் நூல் படிந்து கிடக்கும். பிரிகிற இடத்தில் படபடக்கும். பொழுதுபோக்குக்குச் செய்கிறவன் இவ்வளவு தூரம் போகமாட்டான்.

அன்று மதியம் ஐனார் ஒரு சுற்றுப் பறந்து இறங்கிச் சாப்பிடப் போனதும், டெல்பர்ட் சரளையில் பதிந்திருந்த சக்கரத் தடத்தை அடி மேல் அடி வைத்து அளந்தார். தொண்ணூற்றிரண்டு அடி. போன வருஷம் அவர் கோப்பை வாங்கியதே நூற்று நான்கில்தான்.

பொறுக்கவில்லை. சாயங்காலம் நேரிலேயே போனார்.

"என்ன ஐனார், ரொம்ப மும்முரமா இருக்கே?"

"சும்மாதான். பொழுது போகல."

"பொழுது போகலன்னா மீன் பிடி. வேகம் எவ்வளவு குறைஞ்சுது?"

"ஆறு மைல். முன்னே முப்பத்தெட்டு வந்தாலே சரியும். இப்ப முப்பத்திரண்டு வரைக்கும் தாங்குது. மெதுவாத் திரும்பறப்பகூட இறக்கை அசையல."

இவ்வளவையும் ஒளிக்காமல் ஏன் சொல்கிறான்? போதாக்குறைக்கு, கேட்காமலே தகடு விற்கிற கடையின் விலாசத்தை ஒரு தாளில் எழுதி நீட்டினார் ஐனார்.

"எனக்கு எதுக்கு? இதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு" என்றார் டெல்பர்ட். தாளை மட்டும் பையில் போட்டுக்கொண்டார்.

ஐந்தாம் நாள் தபால் விமானத்தில் பெட்டி வந்தது. டெல்பர்ட் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, சாகும்வரை பெயராத பசை போட்டு ஒவ்வொன்றாக ஒட்டினார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

விடிந்ததும் விமானத்தை எடுத்தார். மூவாயிரம் அடி உயரத்தில் வேகத்தைக் குறைத்து மூக்கைத் தூக்கிப் பார்த்தார். சரியவில்லை. கீழே வந்து ஆற்றுக்கு மேலே திரும்பினார். எப்போதும் உள்ளங்கை வியர்க்கிற இடம் அது. அன்று வியர்க்கவில்லை. மனசு லேசாகி, தனியாகவே ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்.

எண்பத்தாறு அடியில் நின்றது.

நேராக ஐனாரின் கொட்டகைக்குப் போனார், அவன் முகத்தில் கரி பூச.

ஐனாரின் இறக்கை மொட்டையாக இருந்தது. துணியால் அதை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தகடெல்லாம் எங்கே?"

"எடுத்துட்டேன். மச்சானோடது, திருப்பி அனுப்பியாச்சு. டேப் போட்டுத்தானே ஒட்டியிருந்தேன்."

"அப்போ போட்டி?"

"எனக்கெதுக்குப் போட்டி? ஆமா, உன்னோடது நல்லா ஒட்டிக்கிச்சா?"

டெல்பர்ட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாத்தின கதவுக்குள் ஒட்டியது இவனுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்தார்.

"கோரா, என்னை நல்லா மாட்டிவிட்டுட்டான். அந்தத் தகட்டுல ஏதோ கோளாறு இருக்கு. தெரிஞ்சுதான் அவன் டேப்புல ஒட்டியிருக்கான். என்னை ஒட்ட வெச்சுட்டு அவன் கழட்டிட்டான். போட்டியன்னிக்கு நான் எல்லார் முன்னாடியும் கவிழணும், அதான் அவன் கணக்கு. இப்பவே எல்லாத்தையும் சுரண்டி எடுக்கறேன்."

கோரா அடுப்பை அணைத்தாள்.

"எடுத்துப் பாரு. நான் இந்த வீட்ல இருக்கமாட்டேன்."

"உனக்கென்ன ஆச்சு?"

"போன செப்டம்பர்ல ஆத்துக்கு மேல திரும்பறப்ப உன் இறக்கை ஒரு பக்கமா சரிஞ்சு தண்ணிகிட்ட போச்சே. காத்துன்னு சொல்லிட்டே. நான் இந்த ஜன்னல்லேர்ந்து பாத்துட்டு நின்னேன், டெல்பர்ட். அதுக்கப்புறம் நீ கிளம்பற ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் உயிர் வருது."

"அதுக்கும் ஐனாருக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் டெல்பர்ட்.

"நான்தான் ஐனார்கிட்ட போய் அழுதேன். அவர் சொன்னார், 'தகடு போடுன்னு நீ சொன்னாலும் கேக்கமாட்டான், நான் சொன்னாலும் கேக்கமாட்டான். நான் போட்டு ஜெயிக்கப்போறேன்னு அவனுக்குச் சந்தேகம் வந்தாப் போதும், கதவைச் சாத்திக்கிட்டுத் தானே ஒட்டிக்குவான்'னு."